ஸ்டென்டுக்குப் பணம் உண்டு, ரத்தப் பரிசோதனைக்கு இல்லை

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் 2025 மே இறுதியிலிருந்து ஏறத்தாழ 40 நாட்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் மாண்டனர் என்ற செய்தி பரவியதும், பெங்களூரு ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் மக்கள் கூட்டம் அலைமோதியது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள்கூட ஈ.சி.ஜி. எடுக்க வரிசையில் நின்றனர். பதற வேண்டாம் என நிர்வாகமே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது.

முதலமைச்சர் சித்தராமையா கொரோனா தடுப்பூசி மீது ஐயம் எழுப்பினார். ஒன்றிய அரசு மறுத்தது. இந்த வாக்குவாதம் பல நாட்களை விழுங்கியது. ஜெயதேவா இயக்குநர் கே.எஸ்.ரவீந்திரநாத் தலைமையிலான நிபுணர் குழுவோ தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று கூறி, நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், உடல் பருமன் ஆகிய பழைய காரணங்களையே சுட்டிக்காட்டியது. இறந்தோரில் ஆட்டோ, வாடகைக் கார் ஓட்டுநர்கள் கணிசமாக இருந்தனர் என்ற உண்மை மட்டும் போதிய விவாதத்திற்கு வரவில்லை.

அச்சம் எங்கே எழுகிறதோ அங்கே சந்தையும் எழும். ‘இதயப் பரிசோதனைத் தொகுப்பு’களைத் தனியார் ஆய்வகங்கள் தள்ளுபடி விலையில் கூவி விற்கின்றன. ஆனால், ஓய்வுநிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி. அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கும் அது இயல்பாகவே இருக்கக்கூடும். ட்ரோபோனின் என்ற புரதம் இதயத்தசை சேதமடைந்த பிறகே ரத்தத்தில் உயரும். டிரெட்மில் சோதனை, எக்கோ, சி.டி. ஆஞ்சியோகிராம் ஆகியவை மருத்துவர் தேவை கருதிப் பரிந்துரைக்க வேண்டியவை. ஆபத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உணர்த்துபவை எளிய சோதனைகள்தாம்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு.

இந்த எளிய சோதனைகளுக்குத்தான் அரசின் காப்பீட்டில் இடமில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் படுத்த பிறகுதான் கைகொடுக்கும்; புறநோயாளியாக வருபவரின் சோதனைச் செலவை ஏற்காது. அடைப்பு முற்றியபின் ஸ்டென்ட் பொருத்தப் பொதுப்பணம் கார்ப்பரேட் மருத்துவமனைக்குப் போகும். அடைப்பைத் தடுக்கும் ரத்தப் பரிசோதனைக்குத் தொழிலாளி தன் கூலியிலிருந்து தர வேண்டும். 2025க்குள் பொது சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் அளித்த வாக்குறுதியை மோடி அரசு காற்றில் பறக்கவிட்டது.

வட்ட மருத்துவமனைகளை ஜெயதேவாவுடன் இணைத்து, ஈ.சி.ஜி.யை அங்குள்ள நிபுணர்கள் பார்க்க, ரத்த உறைவைக் கரைக்கும் விலையுயர்ந்த ஊசியை இலவசமாகப் போடும் புனீத் ராஜ்குமார் ஹிருதய ஜோதி திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால் அது நெஞ்சுவலி தொடங்கிய பிறகு உதவுவது. அதற்கு முந்தைய கட்டத்தில், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலிலேயே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது. (அந்தப் பணியைச் செய்யும் பெண் தன்னார்வலர்களுக்குக் கிடைப்பதோ சொற்ப ஊக்கத்தொகை. அது தனியாகப் போராட வேண்டிய பிரச்சனை.)

பகலெல்லாம் வண்டி ஓட்டுபவர் அன்றைய வருமானத்தை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாது. எனவே பெங்களூருவின் ‘நம்ம கிளினிக்’குகள் இரவிலும் இயங்க வேண்டும். ஆட்டோ நிறுத்தங்களிலும் பீனியா தொழிற்பேட்டையிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும். 2017 முதல் 21,000 ரூபாயிலேயே நிற்கும் இஎஸ்ஐ ஊதிய வரம்பை உயர்த்தி, செயலி வழி ஓட்டுநர்களையும் அதில் சேர்க்க வேண்டும். அதற்கான பங்குத்தொகையை, அவர்களைத் ‘தொழிலாளி’ என்றே ஏற்க மறுக்கும் நிறுவனங்களிடமிருந்து வசூலிக்க வேண்டும்.