அட்வான்ஸுக்கு அரசு கை கொடுக்கட்டும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தெருக்களில் ‘டு லெட்’ பலகைகளுக்குக் குறைவில்லை. கூடுவாஞ்சேரிக்கோ மறைமலை நகருக்கோ பிழைக்க வந்த தலித் குடும்பம் ஒன்று அந்தப் பலகையை நம்பிக் கதவைத் தட்டினால், வாடகைப் பேச்சுக்கு முன்பே விசாரணை தொடங்கிவிடுகிறது. “சொந்த ஊர் எது? ஊருக்குள்ளா, காலனியா? வீட்டில் கறி சமைப்பீர்களா?” பதில் பிடிக்காவிட்டால், “சொந்தக்காரர்களுக்குப் பேசி வைத்திருக்கிறோம்” என்று கதவைச் சாத்துகிறார்கள். அப்படிச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அட்வான்ஸை ஏற்றிச் சொல்கிறார்கள். ஐந்து மாத அட்வான்ஸ் என்று தரகர் சொன்ன வீடு, நேரில் போனதும் பத்து மாத அட்வான்ஸ் ஆகிவிடுகிறது. சாதியின் பெயரை வாயால் சொல்லாமலே ஒருவரைத் திருப்பி அனுப்ப இது வசதியான வழி.

இது இன்று முளைத்த நோய் அல்ல. அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1917ல் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்த டாக்டர் அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரை, அவர் யார் என்று தெரிந்ததும் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டெல்லி சுற்றுவட்டாரத்தில் நடத்தி 2015ல் வெளியிட்ட ஆய்வும், வாடகை வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்படுவதையும் கூடுதல் நிபந்தனைகளுக்கு ஆளாவதையும் பதிவு செய்தது. இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் தடியின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி 6,000 ரூபாய் வாடகையில் வீடு பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 60,000 ரூபாய். முதல் மாத வாடகையும் தரகர் கூலியும் சேர்ந்தால் 72,000 ரூபாய். கையில் சேமிப்பு இல்லாதவர் அட்வான்ஸ் தொகையை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,800 ரூபாய் வட்டி. அசலைக் கட்ட முடியாமல் மூன்று ஆண்டுகள் போனால், வட்டியாக மட்டும் 64,800 ரூபாய் போயிருக்கும். வாங்கிய அட்வான்ஸை விட அது அதிகம். வீட்டுக்காரரிடம் இருக்கும் 60,000 ரூபாய்க்கோ ஒரு பைசா வட்டி கிடையாது. காலி செய்யும்போது பெயிண்ட், ரிப்பேர் என்று அதிலும் பிடித்தம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், நகர்ப்புறங்களில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் ‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்ற ஒரு வாசல் அதில் திறந்தே இருக்கிறது. பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் உச்சவரம்பு செல்லாக் காசு. பேரம் பேசும் பலம் இல்லாதவருக்குத்தான் அந்த ஒரு வரி எழுதப்படுகிறது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையை வரம்பாக வைத்திருக்கிறது. தமிழ்நாடு தன் சட்டத்தில் உள்ள அந்த வாசலை அடைத்தாக வேண்டும்.

சட்டத் திருத்தம் வரும்வரை வீடு தேடுகிறவர் காத்திருக்க முடியாது. மூன்று மாத அட்வான்ஸ் என்றாலும் 18,000 ரூபாய் வேண்டும். இங்கேதான் அரசின் உதவி தேவைப்படுகிறது. சொந்தமாக வீடு கட்டிக்கொள்ள மானியம் உண்டு. வீட்டுமனைப் பட்டா உண்டு. தொழில் தொடங்கத் தாட்கோ கடன் உண்டு. வாடகைக்குக் குடிபோகும் ஏழை இந்தத் திட்டங்கள் எதிலும் கண்ணில் படுவதில்லை. அரசுக்கு இது தெரியாத தேவையும் அல்ல. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, அங்கிருந்து வெளியேறுகிறவர்கள் வாடகை வீடு பார்த்துக்கொள்ள ஒரு தொகை தருகிறது. குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக இருந்த அது 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசே காலி செய்யச் சொன்னால் கிடைக்கும் உதவி, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவருக்குக் கிடைக்கக் கூடாதா?

அதுவும், அட்வான்ஸ் என்பது செலவு அல்ல. திரும்பி வரும் பணம். அரசு ஒரு சுழல் நிதி ஏற்படுத்தி, மூன்று மாத முன்பணத்தை வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்தலாம். குடும்பம் காலி செய்யும்போது தொகை நிதிக்கே திரும்பட்டும். மாவட்டத்துக்கு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கினால், 18,000 ரூபாய் வீதம் சுமார் 555 குடும்பங்களுக்குக் கதவு திறக்கும். பணம் அரசுடையது என்பதால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும். வாடகை அதிகாரியிடம் பதிவாகும். அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கவும் முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கென நிதி ஒதுக்குவதை 2024ல் சட்டமாகவே ஆக்கிய அரசுக்கு இது பெரிய சுமை இல்லை.

பணம் மட்டும் போதாது. பணம் இருந்தும் சாதி கேட்டுத் திருப்பி அனுப்புவதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு வழக்கமாகத் தரும் நிபந்தனைகளில் தர மறுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பு என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் விளக்குகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டங்களில், வீடு மறுக்கப்பட்ட புகார்களும் தனியே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களும் மூன்றை மறக்க வேண்டாம். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். ஒரு மாதத்தில் பணம் திரும்பாவிட்டால் சட்டப்படி மனு கொடுங்கள். கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், மீட்டர் வட்டிக்காரரிடம் போவதற்கு முன் மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கடனைக் கேட்டுப் பாருங்கள்.

ஊரில் காலனியை ஒதுக்கி வைத்த கோடு, நகரத்தில் அட்வான்ஸ் ரசீதாக வந்து நிற்கிறது. 18,000 ரூபாயைக் கடனாகக் கொடுத்து அந்தக் கோட்டைத் தாண்ட உதவ முடியும் என்றால், அடுத்த நிதிநிலை அறிக்கை வரை அதைத் தள்ளிப்போட அரசுக்கு என்ன காரணம் இருக்க முடியும்?