ஒரே ராத்திரியில் ஆயிரம் டிரைவர்

ஐடி மேலாண்மை மென்பொருள் விற்க வருகிறவர்கள் பல ஆண்டுகளாக ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: 'டிரைவர் எல்லாம் எப்போதும் லேட்டஸ்டாக இருக்க வேண்டும். ஒரு பட்டனைத் தட்டுங்கள், ஆயிரம் கம்ப்யூட்டருக்கும் ராத்திரியோடு ராத்திரியாக ஏறிவிடும்.' ஏறிவிடும்தான், அதில் யாருக்குச் சந்தேகம்? மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என்ன ஆகும் என்பதற்குத்தான் அவர்களிடம் ஸ்லைடு கிடையாது. வேகம் கூடும் என்கிறார்கள். டாலியும் எக்செலும் ஓட்டுகிற கணக்குப் பிரிவுக்குப் புதிய கிராஃபிக்ஸ் டிரைவரால் எந்த வேகம் கூடப்போகிறதோ, அவர்களுக்கே வெளிச்சம்.

அடுத்து பயமுறுத்தல். பழைய டிரைவர் இருந்தால் ஹேக்கர் உள்ளே வந்துவிடுவாராம். 2020-இல் வெளிச்சத்துக்கு வந்த ராபின்ஹுட் ரான்சம்வேர் தாக்குதலைப் பாருங்கள். அந்தக் கும்பல் உள்ளே நுழைந்த பிறகு மெஷினில் பழைய டிரைவர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. குறை இருப்பது ஊருக்கே தெரிந்த, ஆனால் முறையான டிஜிட்டல் கையொப்பம் உள்ள கிகாபைட் டிரைவர் ஒன்றைத் தாங்களே கொண்டுவந்து நிறுவி, அதை வைத்து ஆன்ட்டிவைரஸை முடக்கினார்கள். உங்கள் டிரைவர்கள் நேற்றுத்தான் புதுப்பிக்கப்பட்டவை என்பதால் இந்த வழி அடைபடாது. அதற்கு உதவுவது ஆபத்தான டிரைவர்களின் தடைப்பட்டியல். விண்டோஸ் 11-இன் 2022 பதிப்பு முதல் அது தானாகவே இயங்குகிறது. விற்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிறகு பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டையை உதாரணம் காட்டுவார்கள். 2021-இல் அந்த ஓட்டை இருந்தது விண்டோஸின் பிரின்ட் ஸ்பூலரில். அடைத்தது விண்டோஸ் பேட்ச்.

கையொப்பமிட்டு, சோதித்துத்தானே வருகிறது என்பது இன்னொரு சமாதானம். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி-சீரியல் டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்தது. தன் சிப்பைப் போலச் செய்த போலி சிப்களைக் கண்டதும், அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி விண்டோஸுக்கு அடையாளம் தெரியாமல் செய்துவிட்டது. தன் கேபிளுக்குள் இருப்பது போலியா அசலா என்று எந்த ஆபீஸுக்குத் தெரியும்?

இதற்கெல்லாம் கடைசியில் ஒரே பதில்தான் வரும்: 'பிரச்சினை வந்தால் ரோல்பேக் பண்ணிக்கலாம் சார்.' அடிப்படையே ஆட்டம் காண்பது இங்கேதான். நெட்வொர்க் கார்டின் டிரைவரைத் தள்ளுகிறீர்கள், அது அந்தக் கார்டோடு ஒத்துப்போகவில்லை, மெஷின் நெட்வொர்க்கிலிருந்து விழுந்துவிடுகிறது. இப்போது ரோல்பேக் கட்டளை எந்த வழியாகப் போகும்? அறுந்த அதே வழியாகத்தான் போக வேண்டும். ஸ்டோரேஜ் டிரைவர் என்றால் இன்னும் மோசம், மெஷின் பூட்டே ஆகாது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக்கின் கோளாறான கோப்பு இந்திய நேரம் காலை 9.39-க்கு வெளியானது, 10.57-க்குத் திரும்பப் பெறப்பட்டது. எழுபத்தெட்டு நிமிடம். உலகத்தில் இதைவிட வேகமான ரோல்பேக் எந்த ஆபீஸில் நடக்கும்? ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் அதற்குள் ப்ளூ ஸ்கிரீனில் நின்றுவிட்டன. திருத்தம் சர்வரில் தயாராக இருந்தும், பூட் ஆகாமல் கிடந்தவற்றால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அப்படிக் கிடந்த பெரும்பாலான மெஷின்களுக்கு ஓர் ஆள் நேரில் போய், சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கு முன்பே 48 இலக்க ரெகவரி கீயைத் தட்டியாக வேண்டும், ஒரு மெஷினுக்கு ஒரு கீ. அன்று இந்தியாவில் சில விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது பாதுகாப்பு மென்பொருள், ஹார்டுவேர் டிரைவர் இல்லையே என்று மடக்கப் பார்ப்பார்கள். இல்லைதான். ஆனால் அதுவும் பூட் ஆகும்போதே கெர்னலில் ஏறுகிற டிரைவரால் வந்த வினைதான். அப்படி ஏறுகிற எது மெஷினைப் பூட் ஆகவிடாமல் விழுத்தினாலும் ரிமோட்டில் கைகொடுப்பது கடினம்.

எங்களிடம் எல்லாம் ஒரே மாடல், ஒன்றில் ஓடினால் எல்லாவற்றிலும் ஓடும் என்பவர்கள் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைத் திறந்து பார்ப்பது நல்லது. வெளியே ஒரே மாடல் எண் ஒட்டிய இரண்டு லேப்டாப்பில், ஒன்றின் வைஃபை கார்டு ஐடியில் தயாரிப்பாளர் எண் 8086 என்று இருக்கலாம், அது இன்டெல். மற்றதில் 10இசி, அது ரியல்டெக். டிரைவர் பார்ப்பது இந்த எண்ணைத்தான், மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரை அல்ல.

அப்படியானால் எதையுமே தொடாமல் விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். அப்படி யார் சொன்னது? விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர் சேர்ந்து வராமல் நிறுத்த குரூப் பாலிசியில் இடம் இருக்கிறது. குறையைத் தீர்க்கிற டிரைவரை மட்டும், ஹார்டுவேர் ஐடிக்கு ஒரு மெஷின் வீதம் போட்டுப் பார்த்து, சில நாள் ஓடவிட்டு, பிறகு மற்றவற்றுக்கு அனுப்பலாம். மைக்ரோசாஃப்டும் டிரைவர்களை ஒரே நாளில் எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. 2024-இல் அடிபட்ட பிறகு க்ரவுட்ஸ்ட்ரைக்கும், இனிப் படிப்படியாகத்தான் அனுப்புவோம், எப்போது ஏற்றிக்கொள்வது என்பதில் வாடிக்கையாளருக்கும் பிடி தருகிறோம் என்று அறிவித்தது.