கணக்கில் வராத கூலி

பெங்களூரில் நம்மவர்களுக்கும் நூலுக்கும் உள்ள உறவு பழையது. 1884-இல் தொடங்கிப் பின்னாளில் பின்னி மில் என்று பேர்பெற்ற ஆலையில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்த ஆலை மூடிவிட்டது. கப்பன்பேட்டை, நகரத்பேட்டைச் சந்துகளில் வீட்டுத் தறிகள் சில இன்னும் ஓடுகின்றன.

அப்படி நான்கு விசைத்தறி வைத்திருக்கும் சேலத்துக்காரர் ஒருவர் என் நண்பர். ராமநகரச் சந்தையில் பட்டுக்கூடு விலை ஏறினால் இவர் வாங்கும் நூல் விலையும் ஏறும். சேலை விலையை மட்டும் நினைத்தபடி ஏற்ற முடியாது. மின்சாரம் போனால் தறி நிற்கும். ஆள் கூலி நிற்காது.

என் மகள் கல்யாணத்துக்கு அவரிடம் ஆறு சேலை எடுத்தேன். சிநேகிதத்தைச் சொல்லி ஆயிரம் ரூபாய் குறைத்தேன். பிறகொரு நாள் அவருடைய கணக்கு நோட்டைப் பார்க்க நேர்ந்தது. நூல், சாயம், ஜரிகை, மின்சாரம், நெசவாளி கூலி எல்லாம் இருந்தன. விடியற்காலை முதல் தார் சுற்றும் அவர் மனைவிக்கு ஒரு வரி இல்லை. கேட்டேன். "வீட்டு ஆள்தானே சார்" என்றார். நான் குறைத்த ஆயிரம் அந்த அம்மாளின் கூலி என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் வேலை பார்த்த ரயில்வேயில் விளக்குத் துடைப்பவருக்கும் சம்பளப் பட்டியலில் பெயர் உண்டு. தறி வைத்திருக்கும் அன்பர்களே, வீட்டுப் பெண்களின் கூலியை நோட்டில் முதலில் எழுதுங்கள். பிறகு விலை வையுங்கள்.

வாங்குகிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அசல் பட்டா என்று பார்க்க மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004 முதல் இருக்கிறது. தார் சுற்றிய கூலிக்கு எந்த முத்திரையும் இல்லை. பேரம் பேசுவது தப்பில்லை; அந்தக் கூலி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.