கட்டுரை எழுதியது யார்?

மாணவர்களே, கட்டுரையைக் கம்ப்யூட்டரே எழுதித் தரும் என்பது உங்களுக்கு இப்போது பழைய செய்தி. அமெரிக்காவின் ஓப்பன் ஏஐ நிறுவனம் 2022 நவம்பர் 30ம் தேதி 'சாட்ஜிபிடி'யை வெளியிட்டபோது, திகைத்துப் போனவர்களில் ஆசிரியர்களும் உண்டு. மேஜையில் குவிந்திருக்கும் கட்டுரைகளில் மாணவன் எழுதியது எது, இயந்திரம் எழுதியது எது? நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் அதற்குத் தடையே போட்டன. மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன.

ஆசிரியர்களுக்கு உதவ அப்போது ஓர் இளைஞர் வந்தார். பெயர் எட்வர்ட் டியன், வயது 22. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ஆண்டு மாணவர். விடுமுறைக்குக் கனடாவில் உள்ள டொரண்டோவுக்குப் போனவர், ஊர் சுற்றாமல் ஒரு காபி கடையில் உட்கார்ந்து சாப்ட்வேர் எழுதினார். அதுதான் 'ஜிபிடி ஜீரோ'. ஒரு கட்டுரையைக் கொடுத்தால், எழுதியது மனிதரா இயந்திரமா என்று சொல்லும். 2023 ஜனவரி தொடக்கத்தில் வெளியிட்டார். ஒரே வாரத்தில் 30 ஆயிரம் பேருக்கு மேல் பயன்படுத்திப் பார்த்தார்கள். கூட்டம் தாங்காமல் இணையதளம் முடங்கியது! பிறகு நண்பர் அலெக்ஸ் குய்யோடு சேர்ந்து அதை நிறுவனமாக்கினார். 2024ல் முதலீட்டாளர்கள் 1 கோடி டாலர் கொடுத்தார்கள்.

அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? "அம்மா இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ...... அரைத்தார்." கோடிட்ட இடத்தில் என்ன வரும்? சட்னி என்று எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். சாட்ஜிபிடி போன்றவை பெரும்பாலும் இப்படி வரக்கூடிய சொல்லாகப் பார்த்துத்தான் கோக்கின்றன. மனிதர்கள் சில சமயம் யாரும் எதிர்பாராத சொல்லைப் போடுவார்கள். ஒரு வாக்கியத்தை நீட்டி முழக்குவார்கள், அடுத்ததை இரண்டே சொல்லில் முடிப்பார்கள். ஆகவே, சுலபமாக ஊகிக்க முடிகிற சொற்களும் ஒரே அளவான வாக்கியங்களும் நிறைய இருந்தால், 'இயந்திரம் எழுதியது' என்று டியனின் சாப்ட்வேர் சந்தேகப்படும்.

கவனியுங்கள், சந்தேகம்தான், சாட்சி இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இதுபோல ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதிய 100ல் 26ஐத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதிய 100ல் 9ஐ இயந்திரத்தின் வேலை என்றது. 40 பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் சொந்தமாக எழுதியிருந்தாலும், மூன்று நான்கு பேர் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள்.

இன்னும் வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023ல் இப்படிப்பட்ட ஏழு சாப்ட்வேர்களைச் சோதித்தார்கள். ஜிபிடி ஜீரோவும் அதில் ஒன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் 'டோஃபல்' தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளையோ ஏறக்குறைய எல்லாமே மனிதர் எழுதியவை என்றன. காரணம் என்ன? வேற்றுமொழியில் எழுதுகிறவர் தமக்குத் தெரிந்த எளிய சொற்களையே திரும்பத் திரும்பப் போடுகிறார். எளிமையாக எழுதுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கா இந்தத் தண்டனை?

'நான்தான் எழுதினேன்' என்று அந்தப் பிள்ளை எப்படி நிரூபிக்கும்? இந்தச் சாப்ட்வேர்களை அதன் பிறகும் திருத்திக்கொண்டே வருகிறார்கள். ஆனாலும், தங்கள் முடிவை வைத்து மாணவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று டியனின் நிறுவனமே கூறியிருக்கிறது. அது நேர்மையான பேச்சு. அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் அதைப் படிப்பாரா என்பதுதான் என் கவலை.

டியனின் நிறுவனம் பின்னர் வேறொரு வசதியையும் சேர்த்தது. கம்ப்யூட்டரில் கட்டுரை எழுதும்போது அது எப்படி வளர்ந்தது, எங்கே அழித்துத் திருத்தினார்கள், எந்தப் பகுதி மொத்தமாக வந்து ஒட்டிக்கொண்டது என்பதையெல்லாம் அது காட்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. சந்தேகம் வந்தால் நாங்கள் ரஃப் நோட்டைக் கொண்டுவரச் சொல்வோம். அடித்தல் திருத்தலைப் பார்த்துவிட்டு, "இந்த வரியை ஏன் அடித்தாய்?" என்று கேட்போம். சொந்தமாக எழுதிய பிள்ளை உடனே பதில் சொல்லும்.