கைப்பேசியும் ஒரு கணக்குப் புத்தகம்தான்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகில் சரக்கு அனுப்பும் நம்மில் பலர் இப்போது துண்டு எழுதுவதில்லை. "பத்து மூடை அரிசி அனுப்புங்கள், காசு மாத முடிவில்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் போதும். காசு வராதபோதுதான் அந்தச் செய்தியின் பெறுமதி தெரியவரும்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இத்தகைய செய்தியைச் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. அனுப்பியவராகக் காணப்படுபவரே அனுப்பினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கொழும்புக்கும் ஊர்காவற்றுறைக்கும் சட்டம் ஒன்றே.

ஆனால் நாம் செய்வது என்ன? திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு பழைய போனை விற்றுவிடுகிறோம். படத்தை யாரும் திருத்தலாம். வழக்கு வந்தால் நிபுணர் தேடுவது போனிலுள்ள மூலச் செய்தியையும் அதன் நேரத்தையும் இலக்கத்தையும்தான். அழித்த செய்தியைச் சில வேளை மீட்கலாம். முழுவதும் துடைத்து விற்ற போனில் அது அநேகமாக முடியாது.

நிபுணர் பரிசோதனைக்கும் வழக்குக்கும் ஆகும் செலவு, சிறு வியாபாரியின் கடன் தொகையையே விழுங்கிவிடலாம். ஆகவே என் கருத்து இதுதான்: கணக்குத் தீரும்வரை போனை விற்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். சரக்கு இறங்கும் துறையில் ஒரு கையொப்பமும் வாங்கிவிடுங்கள். இரண்டும் கையிலிருந்தால் பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏறவே தேவையிராது.