கொடுக்கப்பட்ட ஆடுகள் ஏன் வளரவில்லை?

போருக்குப் பிந்திய வாழ்வாதாரத் திட்டங்களைப் பற்றி எழுதுவதற்காக வன்னிக் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். நல்ல இனம் என்று சொல்லித்தானே ஆடு தந்தார்கள், பிறகு ஏன் இரண்டாம் ஈற்றுக் குட்டிகள் சிறுத்துப் போயின? கேட்பவர்களில் பலர் குடும்பத் தலைமையை ஏற்றிருக்கும் பெண்கள். திட்டம் தோற்றால் பழி அவர்கள் மீதுதான் விழுகிறது. பராமரிக்கத் தெரியவில்லை, தீன் போடவில்லை என்று அறிக்கைகள் எழுதப்படுகின்றன. பதில் வேறு இடத்திலும் இருக்கிறது. அது பரம்பரை பற்றியது.

முதலில் பரம்பரையின் வலிமையைப் பார்ப்போம். கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளுக்குரிய இறைச்சிக் கோழி வம்சங்களை ஒரே தீனில், ஒரே மாதிரியான சூழலில் வளர்த்தார்கள். 56ஆம் நாளில் 1957இன் கோழி 905 கிராம். 1978இன் கோழி 1,808 கிராம். 2005இன் கோழி 4,202 கிராம். தீன் மாறாததால் இந்த வித்தியாசம் தெரிவு இனவிருத்தியால் வந்தது. ஊசி போட்டு ஊதவைத்த கோழி என்று நாம் பேசிக்கொள்வதில் உண்மை இல்லை. தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்ந்ததை மட்டும் தெரிந்து இனம் பெருக்கியதன் விளைவு அது.

இந்த வளர்ச்சியை ஒரு தனி மரபணு தருவதில்லை. பெல்ஜியன் புளூ மாட்டைப் போல விதிவிலக்குகள் உண்டு. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணு அதில் பழுதுபட்டிருப்பதால்தான் அதன் தசை அப்படிப் பெருக்கிறது என்பது 1997இல் தெரியவந்தது. ஆனால் அந்தப் பசுக்களில் பெருந்தொகையானவற்றுக்குக் கன்று ஈன சத்திரசிகிச்சை வேண்டும். சாதாரணமாக உடல் நிறையை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகத் தீர்மானிக்கின்றன. ஆடுகளில் ஒரு பட்டிக்குள் காணப்படும் நிறை வித்தியாசத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 முதல் 40 வரையே பரம்பரையால் வருவதாகப் பொதுவாகக் கணிக்கிறார்கள். மீதி தீன், தண்ணீர், நோய், தாயின் பால் என்பவற்றின் பங்கு.

உதவித் திட்டங்கள் தவறவிடும் இடம் இதுதான். பெரிய உடலைத் தரும் பரம்பரை பெரிய வயிற்றையும் சேர்த்தே தருகிறது. உயிரோடு இருப்பதற்கு மட்டுமே அதற்குக் கூடிய தீன் வேண்டும். ஓகஸ்ட், செப்டெம்பர் வறட்சியில் பூவரசங் குழையும் காய்ந்த புல்லும் மட்டும் கிடைக்கும் வளவில் ஊர் ஆடு மெலிந்தாலும் தப்பிவிடும். போயர் கலப்பு ஆடு அதே வளவில் தன் நிறையைத் தக்கவைக்கவே திணறும். 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஆயிரக்கணக்கான கறவைப் பசுக்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. பல பசுக்கள் இறந்தன. கறந்த பாலோ சொல்லப்பட்ட அளவுக்கு வரவில்லை. கடன்பட்டு வாங்கியவர்கள் கடனோடு நின்றார்கள். மாட்டின் இனத்தை இறக்குமதி செய்ய முடிந்தது, அது வளர்ந்த புல்வெளியை இறக்குமதி செய்ய முடியவில்லை.

இரண்டாவது சிக்கல் கலப்பினம். இரண்டு வேறு இனங்களைச் சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் வீரியமாக வளரும். அவற்றையே தமக்குள் சேர்த்தால் அந்த மேலதிக வீரியத்தில் அரைவாசி அடுத்த தலைமுறையில் போய்விடும். திட்ட அறிக்கைக்குப் படம் எடுக்கப்படுவது முதல் தலைமுறையில். குடும்பம் வாழவேண்டியிருப்பது அதற்குப் பிறகு வரும் தலைமுறைகளோடு.

மூன்றாவது, இரத்த உறவு. ஒரு கிராமத்துக்குப் பல மறி ஆடுகளும் ஒரேயொரு கிடாயும் வந்தால், இரண்டு வருடத்தில் அந்தக் கிடாய் தன் மகள்களோடு சேரும். அப்படிப் பிறக்கும் குட்டியில் உட்கலப்பு நூற்றுக்கு 25. பிறப்பு நிறை குறையும், வளர்ச்சி மந்தமாகும், குட்டிச் சாவு கூடும். இதில் வளர்ப்பவரின் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

நம்முடைய பழக்கமும் ஒன்று இருக்கிறது. கொழுத்த கிடாய்க்குத்தான் நல்ல விலை. தீபாவளிக்கோ வேள்விக்கோ வேகமாக வளர்ந்தது முதலில் போகிறது. வாங்க ஆளில்லாத சோனிக் கிடாய் பட்டியில் நின்று அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. கோழி நிறுவனங்கள் செய்த தெரிவின் நேர் எதிர் இது. கடன் தவணை கட்டவேண்டிய ஒரு தாயிடம் நல்ல கிடாயை விற்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஊர்ச் சங்கம் ஒன்று அந்தக் கிடாயைச் சந்தை விலைக்கு வாங்கிப் பொதுவில் வைத்திருக்கலாம்.

2008, 2009இல் இடம்பெயர்ந்தபோது மக்கள் பட்டிகளை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். இழப்பீட்டுப் பேச்சு வரும்போது தலைகளின் எண்ணிக்கையே கணக்கில் வருகிறது. அந்த மாடுகளும் ஆடுகளும் கோழிகளும் பல தலைமுறையாக எங்கள் வெயிலிலும் வறட்சியிலும் தெரிந்தெடுக்கப்பட்டவை என்பது கணக்கில் இல்லை. ஊர்க்கோழிகளுக்குள் கழுத்தில் இறகில்லாத ஒரு வகை உண்டு. ஒரு மரபணுவின் வேலை அது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அது கிடைத்த கோழிக்கு உடலின் இறகு ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறையும். வெப்பம் வெளியேறுவதால் கடும் வெயிலிலும் வளர்ச்சி குன்றாது. பல நாடுகளின் ஆய்வாளர்கள் இதை வெப்ப நாடுகளுக்கான செல்வமாகப் பார்க்கிறார்கள். எங்கள் முற்றத்தில் அது அழகில்லாத கோழி என்று முதலில் சட்டிக்குப் போகிறது.

மாறாக, புரொய்லரின் மூல வம்சங்கள் ஒருசில பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அதன் குஞ்சு வீட்டில் பெருக்குவதற்கானதல்ல. 2022 நெருக்கடியில் டொலரும் சோளமும் தட்டுப்பட்டபோது பண்ணைகள் மூடப்பட்டன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது.

ஆகவே அடுத்த முறை கால்நடை உதவி என்று யாராவது வந்தால் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இந்த இனம் எங்கள் வறட்சியில் எந்தத் தீனோடு இந்த நிறைக்கு வந்தது? இரண்டு வருடத்தில் கிடாயை மாற்றித்தர யார் பொறுப்பு? இரண்டாம் தலைமுறைக் குட்டிகளின் நிறையை யார் பதிவார்கள்? பதிவதற்கு ஓர் அளவுநாடா போதும். நெஞ்சுச் சுற்றளவிலிருந்து நிறையை ஓரளவு கணிக்கலாம். அயல் கிராமங்கள் இரண்டு தமக்குள் கிடாய்களை மாற்றிக்கொண்டாலே உட்கலப்பு பெருமளவு குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நிலம் இருக்கிறது. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் வீதியில் அமர்ந்தார்கள். மேய்ச்சல் தரை பறிபோன இடத்தில் எந்த உயர்ந்த இனத்தைக் கொடுத்தும் பயனில்லை. கால்நடை உதவியையும் காணிப் பிரச்சினையையும் இரண்டு வெவ்வேறு கோப்புகளில் வைத்திருக்கும்வரை குட்டிகள் சிறுத்துக்கொண்டே இருக்கும், பழியும் வளர்த்தவர்கள் தலையிலேயே விழுந்துகொண்டிருக்கும்.