பலகையை வாங்குமுன் சுவரைப் பாருங்கள்



திருவரங்கத்துப் பழைய வீடுகளில், தடித்த செங்கற்சுவரைக் குடைந்து மாடப்பிறை அமைத்து விளக்கேற்றி வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவரே விளக்கையும் தாங்கியது. இன்று அந்த வீதிகளிலும் திருச்சி தில்லைநகரிலும் எழும் அடுக்குமாடி வீடுகளில் உட்சுவரின் கனம் பெரும்பாலும் 4½ அங்குலமே. அதில் பிறை குடைய வழியில்லை. ஆகவே, தாங்கி கண்ணுக்குத் தெரியாத பலகையைச் சுவரில் பொருத்தி, அதனடியில் விளக்கொளி படரச் செய்கிறோம். பார்க்க அழகுதான். ஆனால் மறைந்திருப்பது தாங்கி மட்டுமே, பாரம் மறைந்துவிடுவதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். கெட்டி அட்டைப் புத்தகங்களை ஓரடி நீளத்திற்கு அடுக்கினால் ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். பலகையின் அகலம் 10 அங்குலமானால், பாரத்தின் மையம் சுவரிலிருந்து 5 அங்குலம் தள்ளி நிற்கும். மறைவுத் தாங்கியின் தகடு பலகையின் கனத்துக்குள் அடங்க வேண்டும். அது 2 அங்குலத்தைத் தாண்டுவது அரிது. அப்போது மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசை 25 கிலோவுக்குக் குறையாது. வெளியே தெரியும் 'எல்' வடிவத் தாங்கியில் மேல் திருகுக்கும் அடி முனைக்கும் 5 அங்குல இடைவெளி இருந்தால், அதே பாரத்திற்கு இழுப்பு 10 கிலோதான். ஆகவே பூச்சாடி, கடிகாரம் போன்றவற்றிற்கு மறைவுத் தாங்கி போதும். திருக்குர்ஆன் விரிவுரைத் தொகுதிகள் போன்ற கனத்த நூல்களுக்கு 'எல்' தாங்கியே ஏற்றது. 3 அடிப் பலகைக்கு 3 தாங்கிகளாவது வேண்டும்.

அடுத்தது சுவர். பூச்சு அரை அங்குலக் கனமே உள்ளது. அது எதையும் தாங்காது. திருகு அதைக் கடந்து செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். இரு கற்களுக்கிடையிலுள்ள சாந்தில் இறங்கக் கூடாது. 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் உருவாக்கிய நைலான் பிளக், திருகு உள்ளே செல்லச் செல்ல விரிந்து துளையின் பக்கங்களை இறுகப் பற்றும். பற்றுவதற்குத் திடமான கல் இருந்தால்தான் அதனால் பயன். ஹாலோ பிளாக் சுவரில் உட்புறம் விரியும் தனிவகை போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்புச் சாந்தாலான பழைய சுவரில் டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு மெல்லத் துளையிடச் சொல்லுங்கள். இல்லையேல் சாந்து உதிர்ந்து துளை அகன்றுவிடும்.

சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் ஒருபோதும் துளையிடாதீர்கள். ஒயர் செல்லும் குழாய் பெரும்பாலும் அந்த வழியேதான் போகிறது. துளைகளைக் குறிக்குமுன் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

விளக்கிற்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையே தக்கது. மீட்டருக்கு 10 வாட் பட்டை 3 மீட்டர் போட்டால் 30 வாட் ஆகிறது. அடாப்டர் 36 வாட்டாவது இருக்கட்டும். 230 வோல்ட் மின்சாரம் வந்து சேரும் அந்த அடாப்டரைப் பலகைக்குள் அடைத்து மூடிவிடாதீர்கள். அது சூடாகும், காற்றோட்டம் வேண்டும். ஓதமேறிய சுவரில் அதைப் பொருத்துவதும் ஆபத்து. இந்த இணைப்பை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

பணி முடிந்ததும், வைக்கப்போகும் பாரத்தைவிடச் சற்று மிகுதியாக ஏற்றி ஓரிரவு விட்டுப் பாருங்கள். மறுநாள் பலகைக்கும் சுவருக்கும் இடையே நூலளவு இடைவெளி தெரிந்தாலும் கழற்றிவிட்டு மறுபடி பொருத்தச் சொல்லுங்கள். எவ்வளவு உறுதியாக அமைந்தாலும், குழந்தையின் தொட்டிலுக்கு மேலும் பெரியவர்களின் கட்டில் தலைமாட்டிலும் இத்தகைய பலகை வேண்டாம். அங்கே சுவர் வெறுமையாக இருப்பதே வீட்டிற்கு அழகு.